கைவினையும் பாவித்த பொருளும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப்பரப்பு ஆகிய இடங்களில் ஓய்வு நேரத்தில் கைப்பணி பழகுவோரும் பழைய பொருள்களைத் தேடி எடுத்துத் திருத்திப் பாவிப்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவதற்காகப் பொருள் சேர்ப்போருக்கு இதில் அதிகம் கிடைக்காது. வீட்டில் தினமும் புழங்கும் பொருளைப் பற்றியே இப்பதில்கள் பேசுகின்றன.

கைவினையையும் பாவித்த பொருளையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

ஒன்றைச் செய்யத் தெரிந்த கைதான் மற்றதைச் சரியாக மதிப்பிடும். பெட்டி இழைத்துப் பழகியவர் சந்தையில் பெரிய ஓலைப்பெட்டியான பழைய கடகம் ஒன்றைத் தூக்கியவுடன் அதன் வாய்ப்பக்கத்து நாரைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். தையல் தெரிந்தவர் பழைய சேலையின் கரையில் மயங்காமல், உடலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூல் இற்றிருக்கின்றதா என்று பார்ப்பார். அந்தப் பழக்கம் இல்லாதவர் விலையை மட்டுமே பார்க்கின்றார். அதனால் குறைந்த விலைக்கு வாங்கியும் நட்டப்படுகின்றார்.

கைப்பணியில் எதிலிருந்து தொடங்குவது நல்லது?

வன்னியில் இருப்பவருக்குப் பனையோலையைவிட நல்ல தொடக்கம் இல்லை. மூலப்பொருள் வளவிலேயே நிற்கின்றது, கருவியும் ஒரு சத்தகம் மட்டுமே. சத்தகத்தின் ஒரு முனை ஓலையை வார்வதற்கான சிறு கத்தி. மறுமுனை, இழைத்த ஓலைகளுக்கிடையே நுழைத்து இன்னோர் இழையைச் செருகுவதற்கான கூர். கடையில் கிடைக்காவிட்டால் கொல்லரிடம் சொல்லிச் செய்விக்கலாம்.

முதலில் ஒரு தடுக்கு, அடுத்துக் கொட்டப்பெட்டி, அதன் பின்னர் மூடல் பெட்டி என்ற ஒழுங்கில் போவது நல்லது. பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி சிறியதாகத் தெரிந்தாலும் அதன் கூம்பு வடிவம் புதியவரைத் தடுமாற வைக்கும். கடகமோ இரட்டை ஓலையில் இழைத்து, ஈர்க்கும் நாரும் வைத்துப் பொத்த வேண்டிய பொருள் என்பதால், கை நன்றாகப் பழகிய பின்னரே அதைத் தொட வேண்டும்.

வேலையின் முறை இதுதான். விரியாத குருத்தோலையை வெட்டி, இளவெயிலில் வெளிறும்வரை காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து எடுக்க வேண்டும். அகலம் பிசகினால் பெட்டியின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்துவிடும் என்பதால், பழகியவர்கள்கூட இந்த இடத்தில் அவசரப்படுவதில்லை. இழைப்பதற்கு முன் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் அது வளைந்து கொடுக்கும்; காய்ந்தபடியே மடித்தால் மடிப்பில் முறியும். ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி இறக்கி அடிப்பாகத்தை இழைத்து, மூலையைத் திருப்பிச் சுவரை எழுப்பி, வாய்க்கு வந்ததும் மிஞ்சிய ஓலைகளை உள்ளே மடித்து, ஏற்கெனவே இழைத்த வரிகளுக்குள் சத்தகத்தின் கூரால் செருகி முடிக்க வேண்டும். மூலை திருப்புகின்ற இடத்தில்தான் பெரும்பாலானோர் கைவிடுகின்றனர். அதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருந்து, அவர் கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ஊரில் அப்படி ஓர் அம்மம்மாவாவது இருப்பார். வெற்றிலை வாங்கிக்கொண்டு போனால் மறுக்கமாட்டார்.

1978ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் பனைசார் கைப்பணிகளில் பயிற்சி வழங்கி வந்திருக்கின்றது. ‘கற்பகம்’ என்ற பெயரிலான அதன் விற்பனை நிலையங்களுக்குப் போனால், முடித்த பொருள்களின் விளிம்பும் அடியும் எப்படி அமைய வேண்டும் என்பதைக் கையில் எடுத்தே பார்த்துக்கொள்ளலாம்.

குருத்தை வெட்டினால் மரம் பழுதாகாதா?

ஓரளவு வெட்டினால் பழுதில்லை. பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலையைத்தான் விடுகின்றது என்பதை நினைவில் வைத்து, ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தெடுக்காமல் பல மரங்களில் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். கடகம், பாய் போன்ற முரட்டு வேலைகளுக்குக் குருத்தே தேவையில்லை. சற்று விரிந்த சார்வோலை போதும். இளம்பனையான வடலியில் எட்டி வெட்டக்கூடியதாக இருப்பது வசதிதான் என்றாலும், அந்த வசதியே வடலிக்கு வினையாகிவிடுவதும் உண்டு. பனை காய்ப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். போரில் பெருந்தொகையான பனைகளை இழந்த நிலத்தில், வடலியை மொட்டையடித்து அழகுப் பெட்டி இழைப்பது பொருத்தமாகத் தெரியவில்லை.

பனையோலை தவிர வேறு என்ன இருக்கின்றது?

குளங்கள் நிறைந்த நாட்டில் பன் என்னும் புல்லை மறந்துவிடக் கூடாது. குளக்கரைகளிலும் சதுப்பிலும் வளரும் பன்னை அறுத்துக் காயவைத்து இழைக்கும் பாய், ஓலைப்பாயைவிட மென்மையானது. சித்திரை வெயிலில் முதுகுக்குக் குளிர்ச்சியானது. பன் அறுக்கும்போது முதலை உள்ள குளமா என்று முதலில் விசாரிப்பது நல்லது. இது பகிடியாகச் சொல்லப்படவில்லை.

சிரட்டை வேலையும் எளிது. முற்றிய தேங்காயின் சிரட்டையை எடுத்து, வெளிநாரை உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினால், மண்ணிறத்துக்குக் கீழே கறுப்பு மினுக்கம் வெளிப்படும். பின்னர் பரும்படியான அரத்தாளிலிருந்து நுண்மையான அரத்தாளுக்குப் படிப்படியாக மாறித் தேய்த்து, கடைசியில் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். வார்னிஷ் பூசுவோர் உண்டு. கறியில் இறங்கப்போகும் அகப்பைக்கு அது வேண்டாம்.

பழைய சேலை, சாரம், உரப்பை, தறப்பாள் முதலியவற்றிலிருந்து செய்யும் வேலைகளும் கைவினைதான். உரப்பையை விரித்துக் கழுவி, பழைய சேலைத்துணியால் கரை கட்டித் தைத்த சந்தைப் பை, கடையில் வாங்கும் பையைவிட நீண்ட காலம் உழைக்கும். மீள்குடியேறிய காலத்தில் கூரையாக இருந்த தறப்பாள் பல வீடுகளில் இப்போதும் நெல் காயப்போடப் பயன்படுகின்றது. ஓரம் கிழிந்ததைச் சைக்கிள் இருக்கை உறையாகவும் ஆக்கியிருக்கின்றார்கள்.

ஓலைக்கு என்ன சாயம் போடுவது?

சந்தையில் கிடைக்கும் சாயத்தூளைக் கொதிக்கும் நீரில் கரைத்து, சிறிது உப்பிட்டு, வார்ந்த ஓலையை அதில் அவித்து, நிழலில் உலர்த்த வேண்டும். சிவப்பும் பச்சையும் ஊதாவும் நம்மவர் கண்ணுக்குப் பழகிய நிறங்கள். உணவு வைக்கும் பெட்டியின் உட்புறத்துக்குச் சாயம் போடாமல் விடுவதே முறை. மஞ்சளில் தோய்த்தால் முதலில் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெயில் பட்டால் அந்த நிறம் நிற்காது.

மாரியில் பூஞ்சணம் பிடிக்கின்றதே, என்ன செய்யலாம்?

ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள தொல்லை. அக்காலத்தில் ஓலைப்பொருளைப் பொலித்தீன் பையில் கட்டி வைப்பதுதான் பெரிய கேடு. அடுப்புக்கு மேலே புகை படும்படி பெட்டிகளைத் தூக்கி வைத்த பழைய வழக்கத்துக்குக் காரணம் உண்டு: புகையும் உலர்ந்த சூடும் பூஞ்சணத்தையும் பூச்சியையும் அண்டவிடாது. எரிவாயு அடுப்பு உள்ள வீட்டில் அந்த வசதி இல்லை என்பதால், வெயில் எறிக்கும் நாளில் எடுத்துக் காயவிட்டுத் தூரிகையால் தட்டி வைத்தால் போதும்.

வன்னியில் பாவித்த பொருள்கள் எங்கே கிடைக்கும்?

இக்கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் மேற்கே மன்னாரின் எல்லையிலிருந்து கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை மக்கள் ஒவ்வோரிடத்திலும் எதையாவது விட்டுவிட்டே நகர்ந்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய அலுமாரி வழியில் இறக்கப்பட்டது. தலையில் சுமந்த பெட்டி கடைசியில் கைப்பை ஆயிற்று. எனவே மூன்று தலைமுறை கண்ட பெட்டகமும் மரவாங்கும் வேறு ஊர்களில் கிடைப்பதுபோல இங்கு எளிதில் கிடைப்பதில்லை. இங்கு புழங்கும் பழைய பொருள்களில் ஒரு பகுதி யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியா நகரிலிருந்தும் வருபவை. இன்னொரு பகுதி, வீடு வீடாக வரும் பழைய இரும்புக்காரரின் லொறியில் ஏறவிருந்தவை. பழைய இரும்புக்காரருடன் பழக்கம் வைத்திருப்பது நல்லது. அவர் எடைக்கு வாங்கியதைச் சிறிது கூட்டிக் கொடுத்து எடுத்தால் இருவருக்கும் இலாபம்.

சைக்கிள் திருத்தும் கடை, தையல் கடை, தச்சுப்பட்டறை ஆகியவற்றில் “விற்க ஏதும் கிடக்கின்றதா” என்று கேட்டு வைப்பதும் பயன் தரும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும் போகிறவர்கள் அங்கு போடப்படும் கடைகளைப் பார்த்து வரலாம். அங்கு கிடைப்பது பெரும்பாலும் புதிய பொருள்தான் என்றாலும், மண்பாண்டமும் ஓலைப்பொருளும் இடையிடையே தென்படும்.

பழைய தையல் இயந்திரம் வாங்குவதாயின் எதைப் பார்க்க வேண்டும்?

சிங்கர் நிறுவனம் கொழும்பில் 1877ஆம் ஆண்டிலேயே கடை திறந்துவிட்டதால், இலங்கையின் மூலைமுடுக்கெல்லாம் அதன் கறுப்பு இயந்திரங்கள் பரவின. இன்று பாவித்த பொருள்களில் கொடுத்த காசுக்கு முழுப் பலன் தருவது இதுவே என்பது எமது எண்ணம். இரும்பு வார்ப்பில் செய்த அந்த உடல் எளிதில் அழியாது. கெடுவதெல்லாம் சிறு பாகங்களும் பட்டியுமே.

பார்க்கப் போகும்போது நூலும் ஊசியும் இரண்டாக மடித்த துணித்துண்டும் கையோடு கொண்டு போக வேண்டும். முதலில் ஊசியில் நூல் கோக்காமல், சக்கரத்தை உங்களை நோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்றினால் நல்லது; முழுச் சுற்றிலும் இறுக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் காய்ந்த எண்ணெயின் வேலை, கழுவி எடுத்தால் போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் தட்டினால், உள்ளே ஏதோ வளைந்திருக்கின்றது அல்லது முறிந்திருக்கின்றது என்று பொருள். அத்தகையதை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். அடுத்து ஊசித்தட்டுக்குப் பக்கத்திலுள்ள தட்டைச் சறுக்கித் திறந்து, கீழ்நூல் சுற்றும் பொபினும் அதன் கூடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மிகப் பழைய வகைகளில் வட்டமான பொபினுக்குப் பதிலாக நீண்ட ஓடம் ஒன்று இருக்கும். ஓடம் தொலைந்த இயந்திரத்துக்கு வேறு ஓடம் தேடுவது கடினம். கடைசியாகத் துணியைத் தைத்துப் பார்த்து, தையலின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

உடலில் ஒன்றோ இரண்டோ ஆங்கில எழுத்தும் தொடர்ந்து இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருந்தால், அதைக் கொண்டு எந்த ஆண்டில் எந்த ஆலையில் செய்யப்பட்டது என்று அறிய முடியும். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் பிறந்த இயந்திரங்கள் உலகெங்கும் போயின. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது.

எண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டில் இருக்கின்றது என்பதற்காகத் தேங்காயெண்ணெய் விடுவோர் பலர். அது நாளடைவில் பசைபோல இறுகி இயந்திரத்தைச் சிக்கவைத்துவிடும். தையல் இயந்திரத்துக்கென்று விற்கும் எண்ணெயை மட்டுமே பாவிக்க வேண்டும். கறுப்பு உடலிலுள்ள பொன்னிறப் பூவேலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அது கரைந்து வந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பழைய சைக்கிள்?

ரலி நிறுவனத்தின் சைக்கிளாக இருந்தால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். அதற்குள் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். பிற்காலத்தில் மாற்றிய பல்சக்கரத்தில் அது இராது. சட்டத்தில் கழுத்துப் பொருத்தும் பெடல் அச்சுப் பொருத்தும்தான் முக்கியம்: அங்கே வெடிப்போ புதிய ஒட்டோ தெரிந்தால் வாங்க வேண்டாம். றிம், கம்பி, செயின் எல்லாம் மாற்றக்கூடியவை. சட்ட இலக்கத்தைக் குறித்து, விற்பவரிடம் கையெழுத்துடன் ஒரு துண்டு வாங்கிக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

டைனமோ இருந்தால் கழற்றி எறியாதீர்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்கலம் கிடைக்காதபோது, சைக்கிளை நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட நாடு இது. நல்ல டைனமோ ஒன்று இன்றும் மின்சாரம் இல்லாத வாய்க்கால் வரம்பில் விளக்கெரிக்கும்.

பித்தளைப் பாத்திரத்தை எப்படிச் சோதிப்பது, எப்படிப் பாவிப்பது?

காந்தம் ஒட்டினால் அது பித்தளை அன்று. இரும்புக்கு மேல் முலாம் பூசியது. மூக்கு வைத்த குடிகலமான மூக்குப்பேணியாயின் மூக்கு உடலோடு சேரும் பொருத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். பழப்புளியும் சாம்பலும் சேர்த்துத் துலக்கினால் போதும், கடைத் திரவம் தேவையில்லை. புளி சேர்ந்த உணவை ஈயம் பூசாத பித்தளையில் வைத்திருக்கக் கூடாது. களிம்பு ஊறி உணவு கெடும். ஈயம் பூசுவோர் இப்போது அரிது என்பதால், அத்தகைய பாத்திரத்தை நீருக்கும் பூவுக்கும் விளக்கின் அடித்தட்டுக்கும் பாவிப்பதே பாதுகாப்பானது.

பெயர் வெட்டிய பாத்திரம் கிடைத்தால்?

நம்மவர் வீடுகளில் செம்பிலும் தாம்பாளத்திலும் உரியவரின் பெயரையோ முதலெழுத்துகளையோ வெட்டுவது வழக்கம்; கலியாண வீடுகளுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வருவதற்கு அது உதவியது. வேறிடத்தில் இது ஓர் அலங்காரச் செய்தி. வன்னியிலோ, அந்தப் பெயருக்குரியவர் அடுத்த கிராமத்தில் உயிரோடு இருக்கக்கூடும். ஆகையால் விற்பவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஊர் தெரிந்தால் அவ்வூர்க் கிராம அலுவலரிடமோ கோயிலிலோ ஒரு சொல் சொல்லி வையுங்கள். பெயரை அரத்தால் தேய்த்து எடுப்பதை நாம் ஏற்கமாட்டோம். பழைய அலுமாரியின் இழுப்பறைக்குள் புகைப்படமோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால், அது வாங்கிய பொருளோடு சேர்ந்த உடைமை ஆகாது. அதை உரியவரிடம் சேர்ப்பிக்க முயல வேண்டும்.

நிலத்தில் கிண்டும்போது கிடைப்பவற்றை எடுத்து வைக்கலாமா?

இரண்டு காரணங்களுக்காகக் கூடாது. முதலாவது உயிர். கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தும், காட்டோரங்களிலும் கைவிடப்பட்ட வளவுகளிலும் வெடிக்காத பொருள்கள் இன்னும் வெளிப்படுகின்றன. துருப்பிடித்த இரும்பு உருளையைப் பூச்சாடி ஆக்கலாம் என்றோ எடைக்குப் போடலாம் என்றோ நினைத்துத் தட்டியவர்கள் கையையும் கண்ணையும் இழந்திருக்கின்றார்கள். தொடாமல், அசைக்காமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு விலகி வந்து, 119இல் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும். மண்டையோட்டுக் குறி நாட்டிய எல்லைக்குள் பன்னுக்கோ ஓலைக்கோ போகவே கூடாது.

இரண்டாவது சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கின்றன. நிலத்தடியிலிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. பழங்காசோ மணியோ கிடைத்தால் கழுவித் துலக்காமல் அறிவிப்பதே முறை. துலக்கினால் சட்டத்தோடு வரலாறும் கெடும்.

மான்கொம்பு, ஆமையோடு முதலியவற்றை வாங்கலாமா?

வேண்டாம். வனவிலங்குகளின் பாகங்களை விற்பதும் வாங்குவதும் குற்றம். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும் என்று விற்பவர் சொல்வார், வழக்கு வந்தால் அவர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

பழைய மரச்சாமான்?

முதிரையும் பாலையும் இந்நிலத்தின் மரங்கள். அவற்றில் செய்த பழைய வாங்கு (நீள இருக்கை) கிடைத்தால் மறுபேச்சில்லாமல் வாங்கலாம். கீழே குனிந்து கால்களின் அடியைப் பாருங்கள். மெல்லிய மா கொட்டியிருந்தால் உளுத்துப்போகின்றது. மண்பூச்சுக் கோடு இருந்தால் கறையான். விரல் முட்டியால் தட்டும்போது பொள்ளலான ஓசை வந்தால் விட்டுவிடுங்கள்.

விலை பேசலாமா?

வியாபாரியிடம் தாராளமாகப் பேசலாம், அவரும் அதை எதிர்பார்த்தே விலை சொல்கின்றார். கடகம் இழைத்துத் தலையில் சுமந்து வரும் பெண்ணிடம் பேரம் பேசுவது வேறு கதை. ஒருமுறை ஒரு கடகத்தை நீங்களே பொத்தி முடித்துப் பாருங்கள். அதற்குப் பின்னர் ஐம்பது ரூபாயைக் குறைக்கச் சொல்ல நாக்கு எழாது.

செய்த பொருள்களை விற்றால் என்ன?

விற்கலாம். ஆனால் விலை வைக்கும்போது ஓலை, சாயம், நார் ஆகியவற்றின் செலவோடு, செலவிட்ட மணித்தியாலங்களுக்கும் கூலி சேர்த்துக் கணக்கிட வேண்டும். பொழுதுபோக்குக்காகச் செய்பவர் கூலியைக் கணக்கில் எடுக்காமல் அடிமாட்டு விலைக்கு விற்றால், அதே சந்தையில் அதையே நம்பியிருப்பவரின் விலையும் விழுந்துவிடும். அவ்வாறு விற்பதற்குப் பதிலாக உறவினருக்கும் அயலவருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம். அல்லது ஊரில் தொழிலாகச் செய்பவர் என்ன விலைக்குக் கொடுக்கின்றாரோ அதே விலைக்கு விற்கலாம்.